இரண்டு வாரப் பயணமும் நூற்றாண்டுக் கேள்வியும்: ஆப்பிரிக்கக் கிராமங்களில் இளையோர் அருட்பணி

மேலை நாடுகளில் கோடை விடுமுறை தொடங்கியதும் உகாண்டா, கென்யா, மலாவி, கானா போன்ற நாடுகளின் கிராமங்களுக்குக் கிறிஸ்தவ இளைஞர் குழுக்கள் புறப்படுகின்றன. பத்து நாள் முதல் சில வாரங்கள் வரை தங்குகிறார்கள். பள்ளிக்கூடத்துக்குச் சுவர் எழுப்புகிறார்கள், பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துகிறார்கள், மருத்துவ முகாமில் கைவேலை செய்கிறார்கள், ஞாயிறு ஆராதனையில் மொழிபெயர்ப்பவரை அருகில் நிறுத்திக்கொண்டு சாட்சி சொல்கிறார்கள். அமெரிக்கத் திருச்சபை உறுப்பினர்களில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் பேர் இப்படிக் குறுங்கால அருட்பணிப் பயணமாக வெளிநாடு செல்வதாகச் சமூகவியலாளர் ராபர்ட் வுத்னோ 2009-ல் வெளிவந்த நூலில் மதிப்பிட்டார். இவர்களில் மிகப் பலர் மெக்சிகோவுக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் போகிறவர்கள்; ஆப்பிரிக்காவுக்குச் செல்வோர் ஒரு பகுதியினரே. ஆயினும் இப்பயணங்களைக் குறித்த வாதம் மிகக் கடுமையாக நடப்பது ஆப்பிரிக்காவை முன்வைத்துத்தான். அடிமை வணிகமும் காலனி ஆட்சியும் மிஷன் பள்ளிகளும் அந்த மண்ணில் விட்டுச் சென்ற நினைவுகள் அப்படிப்பட்டவை.

இப்பயணங்களால் நன்மை விளைகிறதா, விளைந்தால் யாருக்கு? இக்கேள்விக்கு இறையியலாளர்களும் சமூகவியலாளர்களும் பொருளியலாளர்களும் ஆப்பிரிக்கத் திருச்சபைத் தலைவர்களும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகள் தந்திருக்கிறார்கள். அவற்றைச் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது. பயணம் எத்தனை நாள் என்பதைவிட, போன இடத்தில் முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதே விளைவைப் பெரிதும் தீர்மானித்திருக்கிறது. ஆனால் பெரும்பாலான ஆய்வுகள் இதை அளக்கவில்லை.

### இளமையும் அவசரமும்: ஒரு முன்கதை

இளைஞர்களை ஆப்பிரிக்காவுக்கு அழைக்கும் வழக்கம் விமானப் பயணத்துக்கு வெகுகாலம் முந்தியது. 1857 டிசம்பரில் டேவிட் லிவிங்ஸ்டன் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையிலிருந்து ‘மத்திய ஆப்பிரிக்காவுக்கான பல்கலைக்கழகங்களின் மிஷன்’ பிறந்தது. அதன் முதல் பேராயர் சார்லஸ் மெக்கென்சி, இன்றைய மலாவிக்கு வந்த மறு ஆண்டே, 1862 ஜனவரியில், காய்ச்சலில் மாண்டார். 1886-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மவுண்ட் ஹெர்மன் என்ற இடத்தில் நடந்த கோடைக்கால மாநாட்டில் 100 மாணவர்கள் வெளிநாட்டு ஊழியத்துக்குத் தங்களை ஒப்புக்கொடுத்தார்கள். அதிலிருந்து மாணவர் தன்னார்வ இயக்கம் வளர்ந்தது. அன்று ஒப்புக்கொடுத்தல் என்றால் ஆயுள் முழுவதற்கும். மொழி கற்பதும், காய்ச்சலில் விழுவதும், அங்கேயே அடக்கம் செய்யப்படுவதும் அதற்குள் அடங்கியவை.

பழைய மிஷனெரிகளின் நீண்ட தியாகத்தையும் இன்றைய பயணிகளின் இரண்டு வாரத்தையும் அருகருகே வைத்துப் பின்னதைக் குறைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. அந்த ஒப்பீடு முழு உண்மையைச் சொல்வதில்லை. நைஜர் ஆற்றங்கரையில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். சாமுவேல் அஜாயி குரோதர் யொருபா இனத்தவர். சிறுவனாக அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டு, 1822-ல் பிரிட்டிஷ் கடற்படையால் மீட்கப்பட்டு, சியரா லியோனில் கல்வி கற்றவர். 1864-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஆப்பிரிக்கப் பேராயராக அருட்பொழிவு பெற்றார். சபை தன்னைத்தானே ஆள வேண்டும், தன் செலவைத் தானே தாங்க வேண்டும், தானே பரவ வேண்டும் என்பது சர்ச் மிஷனெரி சங்கத்தின் செயலர் ஹென்றி வென் வகுத்த கொள்கை. அதற்குக் கண்கண்ட சான்றாக, முழுக்க ஆப்பிரிக்க ஊழியர்களைக் கொண்டு நைஜர் மிஷனைக் குரோதர் பல பத்தாண்டுகள் நடத்தினார்.

1880-களின் இறுதியில் கிரகாம் வில்மட் புரூக் போன்ற இளம் ஆங்கிலேயர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். பக்தி வைராக்கியம் மிக்கவர்கள். இருபதுகளில் இருந்தவர்களும் அவர்களில் உண்டு. ஆப்பிரிக்க ஊழியர்களின் ஒழுக்கம் சரியில்லை என்று விசாரணை நடத்தினார்கள். 1890-ல் ஒனிட்சாவில் கூடிய குழுவில், எண்பதைத் தாண்டிய பேராயரின் கண்முன்னே அவருடைய குருமார்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். குரோதர் குழுவிலிருந்து விலகினார். 1891 டிசம்பர் 31-ல் இறந்தார். அவர் இடத்துக்கு ஐரோப்பியர் ஒருவர் நியமிக்கப்பட்டார். நைஜர் கழிமுகப் பகுதிச் சபைகள் குரோதரின் மகன் தாண்டெசன் தலைமையில் 1892-ல் தனியே பிரிந்து தம்மைத் தாமே ஆளத் தொடங்கின. ஊழியர்களில் சிலரிடம் குறைகள் இருந்திருக்கலாம். ஆனால் குற்றச்சாட்டுகள் பெரிதும் மிகைப்பட்டவை என்பதே பிற்கால வரலாற்றாசிரியர்களில் பலரின் முடிவு. அந்த இளைஞர்களும் உயிரைப் பணயம் வைத்து வந்தவர்கள்தாம். புரூக் 1892-லேயே அங்கு இறந்தார். அவர்கள் உண்மையானவர்களா என்பதில் ஐயமில்லை. ஒரு முதிய ஆப்பிரிக்கத் தலைவரை விசாரிக்கும் அதிகாரம் வந்திறங்கிய சில மாதங்களில் அவர்கள் கைக்கு எப்படி வந்தது என்பதே இன்றைய விவாதத்துக்கும் உரிய கேள்வி.

குறுங்காலப் பயணம் இன்றுள்ள வடிவம் பெற்றது 1950-களின் இறுதியில்தான். ஜார்ஜ் வெர்வர் 1957-ல் நண்பர்களோடு மெக்சிகோ சென்றதிலிருந்து ‘ஆபரேஷன் மொபிலைசேஷன்’ வளர்ந்தது. லோரன் கன்னிங்காம் 1960-ல் ‘யூத் வித் எ மிஷன்’ அமைப்பைத் தொடங்கினார். ஆப்பிரிக்காவைப் பொறுத்தவரை முக்கியமானவர், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் போதகராக இருந்த ஆப்பிரிக்க அமெரிக்கர் ஜேம்ஸ் ராபின்சன். அவர் தொடங்கிய ‘ஆபரேஷன் கிராஸ்ரோட்ஸ் ஆப்பிரிக்கா’ 1958-ல் ஏறத்தாழ அறுபது மாணவர்களை மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அழைத்துச் சென்றது. அமெரிக்க அமைதிப் படைக்கு இதுவே முன்னோடி என்று பின்னாளில் அதிபர் கென்னடி பாராட்டினார். மதம் பரப்புவது ராபின்சனின் நோக்கமாக இருக்கவில்லை. வந்த மாணவர்கள் ஆப்பிரிக்க மாணவர்களோடு சேர்ந்தே வேலை செய்தார்கள். இந்த ஏற்பாட்டைப் பின்வந்த பல குழுக்கள் கைவிட்டன. அது பெரிய இழப்பு.

### போகிறவர் மாறுகிறாரா?

இப்பயணங்களுக்குச் சொல்லப்படும் மிக வலுவான நியாயம், அவை போகிறவரை மாற்றுகின்றன என்பது. ‘கொடுக்கப் போனோம், பெற்றுக்கொண்டு வந்தோம்’ என்ற சாட்சியைத் திரும்பி வந்த குழுவினர் சபையில் சொல்லாத ஆண்டு இராது. இதற்கு ஓரளவு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்க இளையோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த தேசிய ஆய்வொன்றின் தரவுகளைக் கொண்டு ஜெனி டிரினிடபோலியும் ஸ்டீபன் வெய்சியும் 2009-ல் எழுதிய கட்டுரை, பயணம் சென்றவர்களின் சமய ஈடுபாடு உறுதிப்படுகிறது என்றது. அவர்கள் பின்னாளில் பொதுத்தொண்டில் கூடுதலாக ஈடுபடுகிறார்கள் என்று 2011-ல் வந்த மற்றொரு ஆய்வு காட்டியது.

எதிர்ச்சான்றும் இருக்கிறது. ஹோண்டுராஸில் நெடுங்காலம் வாழ்ந்த சமூகவியலாளர் கர்ட் வெர் பீக், அங்கே வீடு கட்டப் போன வட அமெரிக்கர்களைப் பயணத்துக்குப் பின் தேடிப் பிடித்து விசாரித்தார். வாழ்க்கை மாறிவிட்டதாக அவர்கள் உணர்ந்த அளவுக்கு ஜெபத்திலோ காணிக்கையிலோ நிலைத்த மாற்றம் தென்படவில்லை. இரு முடிவுகளும் ஒன்றையொன்று பொய்யாக்குவதாகக் கொள்ள வேண்டியதில்லை. பதின்வயதினரிடம் தங்கும் தாக்கம் வளர்ந்தவர்களிடம் தங்காமல் போகலாம். ஏற்கெனவே பக்தியுள்ள பிள்ளைகளே இப்பயணங்களுக்குப் போகிறார்கள் என்பதும் கணக்கைக் குழப்புகிறது.

இதைவிட ஆழமான ஐயத்தை எழுப்பியவர் மானிடவியலாளர் பிரையன் ஹவல். டொமினிக்கன் குடியரசுக்குச் சென்ற இளைஞர் குழுவோடு தானும் சென்று அவர் எழுதிய நூல் 2012-ல் வந்தது. திரும்பி வந்து இளைஞர்கள் சொல்லும் கதையின் அச்சு, ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே ஆயத்தக் கூட்டங்களிலும் நிதி திரட்டும் கடிதங்களிலும் உருவாகிவிடுகிறது என்கிறார் அவர். ‘ஏழைகள், ஆனாலும் மகிழ்ச்சியானவர்கள்’ என்ற வாக்கியம் எந்த நாட்டுக்குப் போனாலும் மாறாமல் திரும்பி வருவது இதனால்தான். அந்த வாக்கியம் கெட்ட எண்ணத்தில் சொல்லப்படுவதில்லை. ஆனால் அந்த ஊரில் நிலம் யாரிடம் இருக்கிறது, புகையிலைக்கும் காபிக்கும் விலை வைப்பது யார், கிளினிக்கில் மருந்து ஏன் தீர்ந்துபோனது என்ற கேள்விகளை அது எழவிடுவதில்லை.

பயணம் போகிறவரை மாற்றுகிறது என்ற வாதத்தில் இன்னொரு அடிப்படைப் பலவீனமும் உண்டு. ஒருவருடைய ஆன்மிக வளர்ச்சிக்கு இன்னொருவருடைய வறுமை பாடநூலாகிறது. பயணத்தின் பயன் போகிறவருக்கே என்று ஒப்புக்கொண்டால், விருந்தோம்பும் கிராமத்துக்கு அதற்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்று கேட்பதே முறை. பயணம் ‘அவர்களுக்காக’ என்று சொல்லித்தானே பணம் திரட்டப்படுகிறது?

### செங்கல், கிணறு, கணக்கு

வேலையின் பயனைப் பற்றிய கணக்கு ஓரளவு தெளிவானது; பெரும்பாலும் பயணங்களுக்குச் சாதகமாக இல்லை. 1998-ல் மிட்ச் சூறாவளி ஹோண்டுராஸைச் சிதைத்த பிறகு கட்டப்பட்ட வீடுகளை வெர் பீக் ஒப்பிட்டார். விமானக் கட்டணமும் சேர்த்துப் பார்த்தால் வெளிநாட்டுக் குழு கட்டிய வீட்டுக்குச் சுமார் 30,000 டாலர் செலவானது. உள்ளூர் அமைப்பு அதே மாதிரி வீட்டை 2,000 டாலரில் கட்டியது. குடியேறிய குடும்பங்களின் வாழ்வில் இருவகை வீடுகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இது ஆப்பிரிக்க ஆய்வு இல்லை என்பதை மறக்கக் கூடாது. ஆனால் மலாவிக்கும் உகாண்டாவுக்கும் விமானக் கட்டணம் இன்னும் கூடுதல். கொத்தனாரின் தினக்கூலியோ குறைவு. தலைக்கு 3,000 டாலர் என்று வைத்துக்கொண்டாலும் 12 பேர் குழுவுக்கு 36,000 டாலர் ஆகிறது. அத்தொகை ஊர்க் கொத்தனார்களுக்கும் தச்சர்களுக்கும் எத்தனை மாத வேலை தந்திருக்கும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஒப்பிட ஒரு நேர்மறைச் சான்றும் கையில் இருக்கிறது. புரூஸ் வைடிக்கும் உடன் ஆய்வாளர்களும் உகாண்டா, கென்யா, இந்தியா உட்பட ஆறு நாடுகளில் ஒரு கிறிஸ்தவ அமைப்பின் குழந்தை ஆதரவுத் திட்டத்தை ஆராய்ந்து 2013-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆதரவு பெற்ற பிள்ளைகள் ஏறத்தாழ ஓர் ஆண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள். மாதாமாதம் தொகை அனுப்பியவர்களில் மிகப் பலர் அந்தப் பிள்ளையை நேரில் பார்த்ததே இல்லை. பயணத்தை ஆதரிப்போர் இதற்குத் தரும் பதில் பொருட்படுத்தத் தக்கது: பயணம் இல்லாவிட்டால் அந்த 36,000 டாலர் திரட்டப்பட்டே இருக்காது, உறவினரும் சபையாரும் கொடுப்பது தங்கள் பிள்ளை போகிறான் என்பதற்காகத்தான். இது எந்த அளவுக்கு உண்மை என்று உறுதியாகச் சொல்லும் ஆய்வு அரிது.

தண்ணீரின் கதை இதைவிடச் சிக்கலானது. கிராமத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டிக் கைப்பம்பு வைப்பது இளைஞர் குழுக்களுக்கு விருப்பமான பணி. திறப்பு விழாப் படம் சபையின் சுவரில் தொங்கும். சகாராவுக்குத் தெற்கே நிறுவப்பட்ட கைப்பம்புகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேலானவை வேலை செய்யவில்லை என்று ஊரகக் குடிநீர் வல்லுநர்களின் வலையமைப்பு ஒன்று 2009-ல் மதிப்பிட்டது. வாஷர் தேயும், சங்கிலி அறும், குழாய் துருப்பிடிக்கும். உதிரிபாகம் வாங்க நகரத்துக்குப் போக வேண்டும். பழுதுபார்க்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லை. குழு அப்போது ஊர் திரும்பியிருக்கும்.

இங்கே தமிழ்நாட்டுக்கு ஓர் உண்மையான தொடர்பு இருக்கிறது. ஆப்பிரிக்கக் கிராமங்களில் மிகப் பரவலாகக் காணப்படும் பம்புகளில் ஒன்றான ‘இந்தியா மார்க் 2’, மகாராஷ்டிரத்தின் ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் மிஷன் சார்ந்த கிணற்றுப் பணியாளர்கள் உருவாக்கிய பம்பிலிருந்து வந்தது. யூனிசெப் துணையோடு 1970-களில் அது செம்மைப்படுத்தப்பட்டது. கோயம்புத்தூர் வட்டாரத்துக் கிராமங்களில் சோதிக்கப்பட்டது. சென்னைத் தொழிற்சாலையில் தயாரானது. அந்த மிஷன் பணியாளர்கள் வறட்சிக்கு வறட்சி அதே ஊர்களில் இருந்தவர்கள். வார்ப்பிரும்புக் கைப்பிடி எங்கே உடைகிறது என்று கண்டு, எஃகில் மாற்றிச் செய்து பார்த்தவர்கள். அதையும் ஆப்பிரிக்கா அப்படியே ஏற்கவில்லை. பழுதுபார்க்கக் கனமான கருவிகளும் பயிற்சி பெற்ற ஆட்களும் அதற்குத் தேவைப்பட்டதால், கிராமத்துப் பெண்களே கழற்றி மாட்டக்கூடிய ‘ஆஃப்ரிடெவ்’ பம்பை 1980-களில் மலாவியிலும் கென்யாவிலும் உருவாக்கினார்கள். பயன்படுத்துகிறவரின் கைக்கும் வசதிக்கும் ஏற்பப் பொருள் மாறியது. குறுங்காலக் குழுவால் இதைச் செய்ய முடியாது. ஆனால் செய்துகொண்டிருப்பவர்களின் அட்டவணைக்குள் தன்னைப் பொருத்திக்கொள்ள முடியும்.

நீண்டகால மிஷன்களின் பயனைக் காட்டும் புள்ளிவிவரங்களைக் குறுங்காலப் பயணத்துக்குத் துணையாக அழைப்பதும் உண்டு. மக்களைக் கிறிஸ்தவத்துக்கு மாற்றச் சென்ற புராட்டஸ்டண்ட் மிஷன்கள் இருந்த இடங்களில் எழுத்தறிவும் மக்களாட்சியும் வளர்ந்தன என்ற ராபர்ட் உட்பெரியின் 2012 ஆய்வு பெரிதும் பேசப்பட்டது. மிஷன்கள் முதலிலேயே நோய் குறைந்த, போக்குவரத்து எளிதான இடங்களைத் தேர்ந்திருந்தன, ஆகவே அந்தப் பயனில் எவ்வளவு மிஷனுக்கு உரியது என்பது தெளிவில்லை என்று பின்னால் வந்த பொருளியலாளர்கள் எதிர்வாதம் வைத்தார்கள். அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், முப்பது ஆண்டு பள்ளி நடத்தியதன் பலனை இரண்டு வாரப் பயணம் உரிமை கொண்டாட முடியாது.

### தீங்கு என்ற குற்றச்சாட்டு

1968 ஏப்ரலில், மெக்சிகோவுக்குத் தொண்டு செய்யச் செல்லும் அமெரிக்க மாணவர் அமைப்பின் கூட்டத்தில் இவான் இல்லிச் பேசினார். அப்போது அவர் கத்தோலிக்கக் குரு. பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், மலையேற வாருங்கள். உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பது அவர் உரையின் சாரம். மொழி தெரியாமல், வந்த ஊரில் யாருக்கும் பதில் சொல்லும் கடமையும் இல்லாமல் வருகிறவர்கள் தம் வாழ்க்கை முறையையே விற்றுப் போகிறார்கள் என்றார். பின்னாளில் வந்த பல விமர்சனங்களுக்கு இவ்வுரையே தாய். 2009-ல் ஸ்டீவ் கார்பெட்டும் பிரையன் ஃபிக்கர்ட்டும் எழுதிய நூல் அதையே நற்செய்திச் சபைகள் ஏற்கும் மொழியில் சொன்னது: பேரிடர் நேரத்து நிவாரணத்தை, நெடுநாள் வளர்ச்சிப் பணி தேவைப்படும் இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால் மக்களின் சொந்த முயற்சி நசுங்கும். நைஜீரிய அமெரிக்க எழுத்தாளர் டேஜு கோல் 2012-ல் இதை அரசியல் தளத்துக்கு நகர்த்தினார். வெள்ளையர் தம்மை மீட்பராகக் காண்பதற்கு ஆப்பிரிக்கா மேடையாக்கப்படுகிறது என்பது அவர் வாதம்.

இக்குற்றச்சாட்டுகளில் ஐயத்துக்கு இடமில்லாதவை இரண்டு. முதலாவது, அனாதை இல்லங்கள். தென்னாப்பிரிக்க உளவியலாளர் லிண்டா ரிக்டரும் ஏமி நார்மனும் 2010-ல் எழுதிய கட்டுரை, எய்ட்ஸ் அனாதைகளைத் தேடி வரும் தன்னார்வலர்கள் குழந்தைகளோடு நெருங்கிப் பழகிச் சில வாரங்களில் பிரிவது அக்குழந்தைகளுக்கு மீண்டும் மீண்டும் கைவிடப்பட்ட உணர்வைத் தருகிறது என்று எச்சரித்தது. உலகெங்கும் இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் ஐந்தில் நால்வருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்று சேவ் த சில்ரன் 2009-ல் மதிப்பிட்டது. பார்வையாளர்களின் அன்பும் காணிக்கையும் இல்லங்களைப் பெருக்கும்போது, பிள்ளைகள் வீட்டிலிருந்து இழுக்கப்படுகிறார்கள். கென்யா 2017-ல் புதிய குழந்தைகள் இல்லங்களைப் பதிவு செய்வதை நிறுத்திவைத்தது. 2019-ல் ஐ.நா. பொதுச்சபையின் தீர்மானமும் இல்லங்களில் தன்னார்வப் பணி என்ற பெயரில் நடப்பதன் ஆபத்தைக் குறிப்பிட்டது.

இரண்டாவது, மருத்துவம். தான்சானிய மருத்துவமனைகளில் களப்பணி செய்த மானிடவியலாளர் நோயல் சல்லிவன், தம் நாட்டில் தொட அனுமதியே கிடைக்காத சிகிச்சைகளைப் பயிற்சியில்லாத வெளிநாட்டு இளையோர் அங்கே செய்வதைப் பதிவு செய்திருக்கிறார். உகாண்டாவின் ஜிஞ்சாவில், மருத்துவப் படிப்பு இல்லாத இளம் அமெரிக்க மிஷனெரி ஒருவர் நடத்திய சத்துக்குறைவு மையத்தின் மீது 2019-ல் தாய்மார் இருவர் வழக்குத் தொடுத்தார்கள். பொறுப்பை ஏற்காமலேயே 2020-ல் சமரசம் ஏற்பட்டது. அம்மையத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்திருந்தார்கள். தீவிரச் சத்துக்குறைவோடு வரும் குழந்தைகளில் சிலர் எந்த மருத்துவமனையிலும் இறக்கக்கூடும் என்பது உண்மை. ஆனால் தகுதியில்லாத ஒருவர் அப்படியொரு மையத்தை அமெரிக்காவில் நடத்தியிருக்க முடியாது. நல்ல நோக்கம் என்ற விளக்கத்தால் இந்த இடைவெளியை மூட முடியாது, மூடவும் கூடாது.

இதற்கு அப்பால், ‘உதவி சார்பு நிலையை வளர்க்கிறது’ என்ற பொதுக் குற்றச்சாட்டை எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும். உகாண்டாவில் ஆய்வு செய்த சைனா ஷெர்ஸின் 2014 நூல் இங்கே கண் திறப்பது. ‘தற்சார்பு’ என்ற வளர்ச்சிக் கொள்கையோடு வந்த தொண்டு நிறுவனம் கிராமத்தாருக்குக் கல்நெஞ்சம் கொண்டதாகத் தெரிந்தது. கையில் இருந்ததைப் பகிர்ந்த ஆப்பிரிக்கக் கன்னியரின் இல்லம் அறமுள்ளதாகத் தெரிந்தது. வலியவர் எளியவரைத் தாங்குவதும், எளியவர் தமக்கென ஒரு வலியவரைத் தேடிக்கொள்வதும் அச்சமூகத்தில் இழிவு இல்லை. பெறுகிறவருக்குத் தன்மானம் எதில் இருக்கிறது என்பதையும் வெளியிலிருந்தே வரையறுத்துவிடுகிறோமோ என்ற கேள்வியை இந்நூல் விமர்சகர்களின் பக்கமும் திருப்பி வைக்கிறது. இல்லிச்சின் உரையிலும் இதே குறை உண்டு. அழைத்தவர் ஒருவர் இருந்தால், அவர் ஏன் அழைத்தார் என்பதற்கு அதில் இடமில்லை.

### ‘வராதீர்கள்’ என்ற குரல்

ஆப்பிரிக்கர்களே தந்த விடைகளில் மிகக் கூர்மையானது 1971-ல் வந்தது. கிழக்கு ஆப்பிரிக்கப் பிரஸ்பிட்டேரியன் சபையின் பொதுச்செயலர், கென்யரான ஜான் காட்டு, அமெரிக்காவின் மில்வாக்கியில் பேசும்போது, குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு மிஷனெரிகளை அனுப்பாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். ஆளும் பணமும் வந்துகொண்டிருக்கும்வரை ஆப்பிரிக்கச் சபை தன் காலில் நிற்கக் கற்காது. தன் மண்ணுக்குரிய இறையியலும் பிறக்காது என்பது அவர் நிலை. அனைத்து ஆப்பிரிக்கச் சபைகள் மாநாடு 1974-ல் லுசாகாவில் இக்கோரிக்கையை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு லோசானில் கூடிய உலக நற்செய்தி மாநாட்டின் உடன்படிக்கையும், சில இடங்களில் வெளிநாட்டு மிஷனெரிகளைக் குறைப்பது தேவைப்படலாம் என்று தயக்கத்தோடு ஒப்புக்கொண்டது.

கோரிக்கை நடைமுறைக்கு வரவில்லை. பள்ளிகளும் மருத்துவமனைகளும் வெளிப்பணத்தில் ஓடிக்கொண்டிருந்தன. ஆப்பிரிக்கத் தலைவர்களிலேயே பலர் இதை ஏற்கவில்லை. அவ்விவாதம் மிஷன் சங்கங்களோடு நடந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். பின்வந்த குறுங்காலக் குழுக்களில் பெரும்பாலானவை எந்தச் சங்கத்துக்கும் கட்டுப்பட்டவை இல்லை. ஒரு நகரத்துச் சபை நேரடியாக ஒரு கிராமத்துப் போதகரோடு பேசிப் புறப்பட்டுவிடும். வேண்டாம் என்று சொல்ல ஆப்பிரிக்கத் திருச்சபைகளிடம் இருந்த வாசல்கள் இதனால் சுற்றிக் கடக்கப்பட்டன என்று கருத இடமுண்டு. இதற்கிடையே சகாராவுக்குத் தெற்கே கிறிஸ்தவர்களின் தொகை 1900-ல் 70 லட்சமாக இருந்து 2010-ல் 47 கோடியாகியது என்று பியூ ஆய்வு மையம் மதிப்பிட்டது. அந்த வளர்ச்சியில் பெரும்பங்கு ஆப்பிரிக்க உபதேசியார்களுக்கும் போதகர்களுக்கும் பெண்களுக்கும் உரியது. ஒஹையோவிலிருந்து வரும் பதினேழு வயதுப் பிள்ளை, தன் சபையைவிடப் பெரிய சபைக்குத்தான் பல நேரம் நற்செய்தி சொல்ல வந்து நிற்கிறது.

### நண்பர்களைக் கேட்ட தமிழர்

உறவே பயணத்தின் பயன் என்போர் இன்று பெருகியிருக்கிறார்கள். கட்டடத்தையும் மனமாற்றத்தையும் எண்ணுவதை விட்டுவிட்டு, இரு சபைகள் பல ஆண்டுகள் ஒன்றையொன்று அறிந்துகொள்வதைப் பார்க்கச் சொல்கிறார்கள். இந்த விடைக்கு ஒரு திருநெல்வேலிக்காரர் முன்னோடி. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910-ல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் பேசினார். ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகளில் ஆசியர் சிலரே. கறுப்பின ஆப்பிரிக்கர் ஒருவரே. மிஷனெரிகளின் ஈகையையும் உயிர்த்தியாகத்தையும் நன்றியோடு ஏற்றுக்கொண்டு, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று அசரியா கேட்டார். உள்ளூர் ஊழியரைத் தம் வீட்டு மேசைக்கு அழைக்காத மிஷனெரிகளைப் பற்றி அவர் சொன்னது அவையைத் திடுக்கிட வைத்தது. 1903-லேயே திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தை உள்ளூர்ப் பணத்தில் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். கேட்டுப் பெறும் நிலையிலிருந்து அவர் பேசவில்லை. அதனால்தான் அந்தச் சொல்லுக்கு எடை கூடுகிறது.

நட்பு என்ற விடைக்கும் பலவீனம் இருக்கிறது. நண்பர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வருவார்கள். ஆனால் கிராமத்து இளைஞருக்கு விசா மறுக்கப்படுவதும், விமானக் கட்டணம் எட்டாததும் வழக்கம். பாதை ஒருவழிப் பாதையாகவே இருக்கிறது. நடுவில் நிற்கும் போதகரின் நிலையும் எளிதாக இல்லை. விருந்தினரால் அவருக்கு மதிப்பும் தொடர்பும் கிடைக்கின்றன. அதே காரணத்தால் ‘இந்த முறை சுவர் வேண்டாம், ஆசிரியர் சம்பளம் வேண்டும்’ என்று அவரால் வெளிப்படையாகச் சொல்ல முடிவதில்லை. பிரிட்டனில் 1997-ல் வந்த நன்னடத்தை விதிகளும், அமெரிக்காவில் 2003-ல் வந்த தர அளவைகளும் பங்காளர் சொல்லுக்கு முதலிடம் தரச் சொல்கின்றன. மனமுவந்து ஏற்பவர்களை மட்டுமே அவை கட்டுப்படுத்தும்.

### இன்னும் தீராதவை

இத்தனை விடைகளையும் எடைபோட்டால் சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். சிறு குழந்தைகளின் பராமரிப்பிலும் நோயாளியின் உடலிலும் பயிற்சியற்ற இளையோரைக் கைவைக்க விடுவதற்கு நியாயம் இல்லை. உள்ளூரில் ஆள் கிடைக்கும் உடலுழைப்புக்கு அவர்களை அனுப்புவது, செலவுக் கணக்கில் தேறுவதில்லை. போகிறவரின் பக்தியும் பொதுத்தொண்டும் வளரக்கூடும். எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதில் சான்றுகள் முரண்படுகின்றன.

இவற்றுக்கு அப்பால் உள்ளவை திறந்தே கிடக்கின்றன. விருந்தளித்தவர்களின் கருத்தைக் கேட்ட ஆய்வுகள் குறைவு. அவற்றிலும் பல, வெளிநாட்டவர் ஆங்கிலத்தில் கேட்டு, போதகர்கள் நாகரிகம் கருதிச் சொன்ன விடைகள். சிச்சேவா, லுகாண்டா போன்ற உள்ளூர் மொழிகளில், சமையல் செய்த பெண்களிடமும் கூலி இழந்த கொத்தனார்களிடமும் கேட்டால் கிடைப்பது வேறாக இருக்கலாம். 2020-ல் கொள்ளைநோய் பயணங்களை நிறுத்தியபோது, எந்தத் திட்டங்கள் நின்றன, எவை வழக்கம்போல நடந்தன, பணம் வந்ததா என்பதை ஊர் ஊராகத் தொகுத்துப் பார்க்க அரிய வாய்ப்பு அமைந்தது. அந்த நினைவு மங்கும் முன் யாரேனும் அப்பணியைச் செய்வது நல்லது.

இந்த ஆய்வுப் பரப்பு பெரிதும் பாராமல் விட்ட இன்னொரு கூட்டமும் உண்டு. நைஜீரியாவில் 1973-ல் தொடங்கிய தேசிய இளைஞர் சேவைத் திட்டத்தின்கீழ் பட்டதாரிகள் ஓராண்டு வேறு மாநிலத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். அவர்களில் கிறிஸ்தவர்கள் தமக்குள் ஐக்கியம் அமைத்து, சாலை எட்டாத கிராமங்களுக்கும் ஊழியம் செல்கிறார்கள். 1975-ல் சாரியாவில் இளைஞர்கள் தொடங்கிய ‘கால்வரி மினிஸ்ட்ரீஸ்’ இன்று பல நாடுகளுக்கு ஆள் அனுப்புகிறது. இவர்களுக்கும் போகிற ஊரின் மொழி பல நேரம் தெரியாது. தெற்கிலிருந்து வடக்கே போகிறவர் அங்கே அந்நியர்தாம். சமயப் பூசல் உள்ள மண்ணில் அவருடைய வருகைக்கு வேறு விளைவுகளும் உண்டு. பணமும் பாஸ்போர்ட்டும் தரும் பலம் மட்டும் அவரிடம் இல்லை. குறுங்காலப் பயணத்தின் குறைகள் அந்தப் பலத்திலிருந்து வருகின்றனவா, அந்நியராகச் சில வாரம் போய்வருவதிலிருந்தே வருகின்றனவா என்பதைப் பிரித்தறிய, இவ்விரு கூட்டங்களையும் ஒரே கிராமத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு வேண்டியிருக்கிறது.